கோதண்டத்தின் வண்டி நிற்கும் இடம்

நீங்கள் முதல்முறையாக ஒரு பழைய பிக்கப்பை ஷெட்டுக்குள் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று என் தம்பி ஏழுமலை போன் செய்தான். "வெள்ளிக்கிழம பூஜ போடறோம்க்கா. நீ வந்து பசங்களுக்கு ரெண்டு நல்ல வார்த்த சொல்லு" என்றான். யோசித்துப் பார்த்தேன். பூஜை போடும் இடத்தில் சொல்லக்கூடிய வார்த்தை எதுவும் என்னிடம் இல்லை. சூடம் ஏற்றி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிற நேரத்தில் ஒருத்தி வந்து ஒப்பாரி வைத்தால் நன்றாகவா இருக்கும்? அதனால் நான் வரவில்லை, எழுதி அனுப்புகிறேன். படித்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். இல்லை, ஆரம்பிக்காமலே விட்டாலும் சரி.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வேட்டவலம் சாலையில் நீங்கள் வேலை செய்கிற அந்த ஷெட்டில் தம்பிக்கு மெக்கானிக் வேலை, நான் இருந்தவரை எனக்குக் குஷன் வேலை. லாரி, வேன், டிராக்டர் என்று எந்த சீட்டு கிழிந்தாலும் என்னிடம்தான் வரும். இந்த ஊரில் ஓடுகிற ஆட்டோக்களில் பாதிக்கு மேல் நீங்கள் உட்காரும் சீட்டு என் ஊசி பட்டது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, பெருமைக்கும்தான் சொல்கிறேன். வாடிக்கையாளர்களிடம் பேசுவதும் நான்தான். ஏழுமலைக்கு இன்ஜினிடம் பேசத் தெரியும், மனிதர்களிடம் பேசத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னால் ஷெட்டில் வேலை குறைய ஆரம்பித்தது. புது வண்டிகள் எல்லாம் கம்பெனி சர்வீஸுக்குப் போகின்றன. கம்ப்யூட்டரைச் செருகினால்தான் அவற்றுக்கு என்ன வியாதி என்றே தெரியும். ஏழுமலை மத்தியான நேரங்களில் சும்மா உட்கார்ந்து போனில் வீடியோ பார்ப்பான். துருப்பிடித்த வண்டிகளைப் பளபளவென்று ஆக்கிக் காட்டுகிற வீடியோக்கள். பார்த்துப் பார்த்து அவனுக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துத்தான் சேகர் வந்தார்.

சேகர் கீழ்பென்னாத்தூரில் உரக்கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். அவருடைய அப்பா கோதண்டம் பழைய பிக்கப் ஒன்று வைத்திருந்தார். ஊர் ஊராகப் போய் மல்லாட்டை மூட்டைகளை ஏற்றிக் கடலை மண்டியில் இறக்கியே வாழ்க்கையை ஓட்டியவர். இப்போது பெரியவருக்கு மறதி வியாதி. பெற்ற பிள்ளையையே யார் என்று தெரியவில்லை. "வண்டி மட்டும் அப்பிடியே நிக்குதுக்கா. ஒரு தபா வந்து பாருங்க" என்றார் சேகர். போனோம்.

வீட்டு வாசலில் ஒரு பெரிய வேப்பமரம். அதன் அடியில் அந்த வண்டி நின்றது. நான் பிறப்பதற்கு முன்னால் வந்த வண்டி. நீண்ட மூக்கு, உருண்டையான மட்கார்டு, பின்னால் பலகை அடித்த தொட்டி. ஓடி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. தொட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. பெரியவர் வேட்டியைச் சரிசெய்தபடி வெளியே வந்தார். நல்ல உயரம், நேரான முதுகு. சேகரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"இன்னா சார், வண்டி பாக்க வந்தீங்களா? இது விக்கறதுக்கு இல்லீங்களே."

"நைனா, நான் சேகரு."

"அப்படீங்களா, ரொம்ப சந்தோஷம்" என்றார் பெரியவர். பிள்ளையைப் பார்த்து அவ்வளவு மரியாதையாகப் பேசுவதைக் கேட்க எனக்கு என்னவோ போல இருந்தது. அடித்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏழுமலை கதவைத் திறந்து பார்த்தான், வரவில்லை. இழுத்தான், அப்போதும் வரவில்லை. பெரியவர் அவனை மெல்ல ஒதுக்கிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து, கதவை ஒரு பிடி மேலே தூக்கி இழுத்தார். திறந்துகொண்டது. கீல் தேய்ந்த கதவு, தூக்கினால்தான் வரும். ஏறி உட்கார்ந்தார். சீட்டின் மேல் மடித்துப் போட்ட பழைய கோணி. அதைத் தடவினார், ஸ்டேரிங்கைப் பிடித்தார். பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கத்தினார்.

"டேய் சேகரு! இன்னாடா வேடிக்க பாத்துனு நிக்கற? ஏறிக் குந்து. மண்டிக்கு நேரமாவுது இல்ல?"

சேகர் ஓடினார். ஐம்பது வயது ஆள், தொப்பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் சுற்றி ஓடி ஏறி உட்கார்ந்தார். அவருடைய மனைவி மல்லிகா வாசற்படியில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமனார் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே பல மாதம் ஆகிறதாம். கொஞ்ச நேரம் கழித்துப் பெரியவர் இறங்கினார். இறங்கியதும் மறுபடியும் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

சேகர் ஏழுமலையின் கையைப் பிடித்துக்கொண்டார். "ணா, ஓடாத வண்டியிலயே இப்பிடின்னா, ஓடுனா எப்பிடி இருக்கும்? அதான் வேணும். எங்க நைனா இன்னொரு தபா என்ன அந்த வண்டியில குந்தவெச்சி, பேர் சொல்லி கூப்புட்டுனு போவணும். டாக்டரு சொல்ட்டாரு, ஞாபகம் இனிமே கம்மியாத்தான் ஆவுமாம், ஜாஸ்தி ஆவாதாம். சீக்கிரம் செய்ணும்ணா."

கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்டது அவ்வளவுதான். பெயின்ட் கேட்கவில்லை, புது சீட் கேட்கவில்லை. எதற்காக வண்டி வருகிறது என்பதை வந்தவர் வாயாலேயே சொல்லிவிட்டார். எங்கள் எல்லோர் காதிலும் அது விழுந்தது. ஆனாலும் "ஓடாத வண்டியிலேயே இப்படி என்றால்" என்ற அந்தக் கணக்குதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. கொஞ்சம் செய்தால் கொஞ்சம் நினைவு வரும், நிறைய செய்தால் நிறைய வரும் என்று படித்தவர் படிக்காதவர் எல்லோரும் ஒன்றாக நம்பினோம்.

வண்டியை ஷெட்டுக்கு எடுத்து வந்த நாளைச் சொல்ல வேண்டும். மல்லிகா நாள் பார்த்து, பௌர்ணமி அன்றைக்குத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். பௌர்ணமியில், கிரிவலக் கூட்டத்தில், இந்த ஊருக்குள் வண்டி கொண்டுவருகிறவன் பைத்தியக்காரன். ஏழுமலை படித்துப் படித்துச் சொன்னான். நல்ல காரியம், நல்ல நாளில்தான் செய்யணும் என்று சேகர் ஒரே பிடியாக நின்றார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்தோம். ஸ்டேரிங்கில் ஏழுமலை, பக்கத்தில் பெரியவர், கதவோரம் சேகர். வண்டியைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று பெரியவர் ஏறிக்கொண்டுவிட்டார். நான் பின்னாலேயே ஆட்டோவில் வந்தேன். ஊர் எல்லையிலேயே போலீஸ் மறித்துவிட்டது. கூட்டம் குறையும் வரைக்கும் உள்ளே விட முடியாது, ஓரமாக நிறுத்துங்கள் என்றார்கள். ஏழுமலை இறங்கிப்போய்க் கெஞ்சினான், கத்தினான், ஒன்றும் நடக்கவில்லை.

அவன் இறங்கிய இடத்துக்குப் பெரியவர் நகர்ந்து ஸ்டேரிங்கைப் பிடித்துக்கொண்டார். கிரிவலம் போகிற ஜனங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருத்தர் பானட்டில் விபூதி வைத்துவிட்டுப் போனார். கால் வலித்த ஒரு அம்மா, "எந்தப் பக்கம் போவுது வண்டி?" என்று கேட்டாள். "மண்டிக்கும்மா. ஆளு ஏத்தறது இல்ல" என்றார் பெரியவர். நான் ஜன்னல் ஓரம் நின்றிருந்தேன். உள்ளே அப்பாவும் பிள்ளையும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்பதாவதுல பெயிலாயிட்டு இந்தத் தொட்டிக்குள்ள கோணியப் போத்தினு படுத்துனு இருந்தியே, ஞாபகம் கீதா?" என்றார் பெரியவர்.

சேகர் சிரித்தார். "உனுக்கு ஞாபகம் இருக்குதா நைனா?"

"மறக்கறதுக்கு இன்னாடா இருக்குது அதுல? மூட்டைய எடுக்கறேன், நீ கெடக்கற!"

பொழுது சாய்ந்து மலைக்கு மேல் நிலா வரும்வரைக்கும் அப்படியே உட்கார்ந்து பேசினார்கள். நாங்களோ வெளியே நின்று அந்தப் பௌர்ணமியையும் போலீஸையும் திட்டித் தீர்த்தோம். அந்த வண்டி என்ன செய்ய வேண்டுமோ அதை அன்றைக்கே, இன்ஜின் ஓடாமல், கயிற்றில் கட்டுண்டு நின்றபடியே செய்துகொண்டிருந்தது. கண் முன்னால் நடந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஷெட்டில் எங்களோடு ஒரு பெயின்டர் இருந்தார். அடி அண்ணாமலைக்காரர். தன் பெயரை எங்கேயும் போடக்கூடாது என்பது அவர் கொள்கை, அதனால் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு ஏதாவது புத்தி இருக்கிறதென்றால் அதில் பாதி அவருடைய திட்டில் வந்தது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் சேகரையும் ஏழுமலையையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

"இன்ஜின ஓட வையி. பிரேக்க புடி. டயரு மாத்து. குடுத்துடு. மத்ததல்லாம் பெரியவரு போனப்புறம் பாத்துக்கலாம்."

சேகர் முகம் செத்துப்போயிற்று. பூஜை போட்ட சந்தனம்கூட இன்னும் காயவில்லை, அதற்குள் "போனப்புறம்" என்று ஒரு வார்த்தை. அவர் வெளியே போய் நின்றுவிட்டார். மல்லிகா போனில், "அபசகுனமா பேசறவரு கை வண்டி மேல படவே கூடாது" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். ஏழுமலைக்கும் அது வசதியாகப் போயிற்று. "அவருக்கு இன்னா தெரியும்க்கா? நாம செய்யறது ரிப்பேரு இல்ல, ரெஸ்டோரேஷன்" என்றான். வேலூரிலிருந்து வேறு பெயின்டர் வந்தார். நல்ல கைதான், குறை சொல்ல முடியாது. வாயும் நல்ல வாய், வண்டியை விட்டு வேறெதுவும் பேச மாட்டார்.

நம் ஊரில் ஒருவர் சொல்வது சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்னால், சொன்ன வார்த்தை மங்கலமாக இருக்கிறதா என்று பார்ப்போம். சொன்னவர் காலக்கெடுவைச் சொன்னார், நாங்கள் சாபம் என்று எடுத்துக்கொண்டோம். உங்களிடமும் யாராவது வாய் கூசாமல் உண்மையைச் சொல்வார்கள். அவரை வெளியே அனுப்பாதீர்கள். அனுப்பியே தீர வேண்டுமென்றால், சொன்னதையாவது உள்ளே வைத்துக்கொண்டு அனுப்புங்கள்.

பிறகு நடந்த வேலையை நான் விவரிக்கப் போவதில்லை. கழற்றுவது, சுரண்டுவது, துருவை வெட்டி ஒட்டுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், தெரியாவிட்டால் ஏழுமலை சொல்லிக்கொடுப்பான். ஒன்றைத் திறந்தால் அதற்கடியில் இன்னொன்று இற்றுக் கிடக்கும். கார்த்திகை தீபத்துக்குத் தருகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, பெயின்ட் அடிக்க முடியவில்லை. கார்புரேட்டர் சாமானுக்காகச் சென்னைக்கு நடையாய் நடந்தோம். தீபம் வந்து போனது. மலையில் ஜோதி எரிவதை ஷெட் வாசலில் நின்று கும்பிட்டேன், உள்ளே வண்டி நாலு மூலையிலும் பரவிக் கிடந்தது.

நடுவில் ஒருநாள் சேகர் பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்தால் தெம்பாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். பானட் ஒரு பக்கம், கதவுகள் சுவரில் சாய்த்து, சேசிஸ் மட்டும் கட்டை மேல். பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஏழுமலையிடம் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஆக்சிடென்ட்டு வண்டிங்களா சார்?"

ஏழுமலை குனிந்து தரையில் கிடந்த ஒரு போல்ட்டைப் பொறுக்கினான்.

"டிரைவருக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார் பெரியவர்.

அன்றைக்கு அவர் போன பிறகு தம்பியிடம் சொன்னேன். "ஏழு, போதும்டா. இருக்கறத மாட்டி ஓட வெச்சி குடுத்துடலாம். அந்த ஆளுக்கு நேரம் இல்ல."

"பாதியில நிறுத்துனா ரெண்டுங்கெட்டானா போவும்க்கா. இத்தன நாளு பொறுத்தாரு இல்ல, இன்னும் கொஞ்சம். முடிச்சிட்டுப் பாரு, பெரியவரு அப்பிடியே நின்னுடுவாரு."

சேகரிடமும் கேட்டேன். அவர் ஷெட்டில் பளபளத்துக்கொண்டிருந்த அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம்க்கா. நைனாவுக்கு நல்லதாவே செய்வோம்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? யார் மேல் தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். தப்பு செய்தவர் ஒருத்தர் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். எல்லோரும் நல்லதுதான் செய்தோம். ஒருத்தரை ஒருத்தர் மிஞ்சிக்கொண்டு நல்லது செய்தோம்.

சீட்டைப் பிரித்தது நான். உள்ளே தென்னை நார், அதற்குள் மல்லாட்டைத் தோல், பீடித் துண்டு, கோழி இறகு. பிரித்ததும் ஷெட் முழுக்க ஒரு வாசனை. புழுதியும் எண்ணெயும் பச்சை மல்லாட்டையும் கலந்த வாசனை. அளவுக்காக அந்தப் பழைய சீட்டை மாதக் கணக்கில் என் மெஷின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். புதுசுக்குக் காப்பிப்பொடி நிறத்தில் ரெக்சின் போட்டேன். என் கையால் தைத்ததிலேயே அதுபோல ஒன்று வராது. தையல் கண்ணுக்கே தெரியாது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றின பழைய சாமான் எதையும் நாங்கள் வைத்துக்கொள்வதில்லை. மூட்டை கட்டி ஓனர் கையில் கொடுத்துவிடுவோம். பழையதைக் கழற்றி விற்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள். மார்கழி கடைசியில் வேலை முடிந்தபோது அதே மாதிரி எல்லாவற்றையும் கட்டிச் சேகர் வீட்டுக்கு அனுப்பினோம். தொட்டிப் பலகைகள், கிழிந்த சீட்டு, அந்தக் கோணி. மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் கொடுப்பதாக ஏற்பாடு.

போகியன்று காலையில் சேகருக்குப் போன் செய்தேன், எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்க. அவர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார்.

"பழசல்லாம் கொளுத்தியாச்சுக்கா. பலக, சீட்டு, கோணி எல்லாத்தையும் போகியில போட்டுட்டோம். இன்னா எரி எரிஞ்சுது தெரியுமா? புது வண்டிக்குப் புது வாழ்வு. நைனாதான் கொஞ்சம் படுத்திட்டாரு."

"இன்னா பண்ணாரு?"

"நெருப்புல இருந்து கோணியப் புடிச்சி இழுக்கறாருக்கா. கை சுட்டுப்போச்சு. நானும் மல்லிகாவும் ரெண்டு பக்கமும் புடிச்சினு நிக்க வேண்டியதாப் போச்சு. வியாதி அப்பிடி. மருந்து போட்டுட்டேன், இப்ப தூங்கறாரு."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். தெருவெல்லாம் போகிப் புகை. ஊரே பழசைக் கொளுத்திக்கொண்டிருக்கிற அன்றைக்குச் சேகரைக் குறை சொல்ல முடியுமா? என் வீட்டு வாசலிலும்தான் பழைய பாய் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மனிதர் வியாதியில் இழுக்கவில்லை. இந்த உலகத்தில் அவர் தன்னுடையது என்று கண்டுகொண்ட ஒன்று எரிந்துகொண்டிருந்தது, அதைத்தான் இழுத்திருக்கிறார். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு அவரைப் பார்க்க வைத்திருக்கிறார்கள். பெற்ற பிள்ளையும் மருமகளும், பாசத்தோடு.

நேராக ஷெட்டுக்குப் போனேன். ஏழுமலை துணியால் மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அந்தக் கதவு கீலக் கொஞ்சம் தளத்தி வுடு. தூக்கித் தொறக்கற மாதிரி இருக்கணும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இன்னாக்கா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தக் கதவ நேராக்க நான் பட்ட பாடு எனுக்குத் தெரியும். ஒரு வெரலால தள்ளுனா சத்தம் இல்லாம தொறக்குது. அத்தப் போயி கெடுக்கச் சொல்ற?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டான். ஸ்பேனரைக் கையில் எடுத்தான், கீல் பக்கத்தில் கொண்டுபோனான், மறுபடியும் கீழே வைத்துவிட்டான். "என்னால முடியாதுக்கா" என்றான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நல்ல வேலைக்காரன் தன் வேலையைத் தானே கெடுக்க முடியாது. அந்த முடியாமைதான் அவனை நல்ல வேலைக்காரனாக ஆக்கியது, அன்றைக்கு அதுவே குறுக்கே நின்றது.

நான் மண்டிக்குப் போய் ஒரு கோணி வாங்கி வந்தேன். பழசாக ஒன்று கேட்டேன், பண்டிகை நேரம், கிடைத்தது இதுதான் என்று புதுசைக் கொடுத்தார்கள். மடித்து, என் புது சீட்டின் மேல் போட்டுப் பார்த்தேன். கடை வாசனை அடித்தது. இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டேன். மாட்டுப் பொங்கல் காலையில் ஷெட்டில் மாலை போடும்போது சேகர் அதைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ அழகா தெச்சிட்டு அது மேல கோணி ஏன்க்கா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துத் தூரப் போட்டார். இருக்கட்டும் சேகரு என்றேன், நாதஸ்வரக்காரர் வாசிக்க ஆரம்பித்துவிட்டார், அவர் காதில் விழவில்லை.

அந்த வண்டியின் படத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஷெட் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறதே, பச்சை நிறத்தில், மாலையும் கரும்புமாக, வேப்பமரத்தடியில். அதைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்தும் பாண்டிச்சேரியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஏழுமலைக்கு அதனால் பிழைப்பு வந்தது, உங்களுக்கும் வேலை வந்தது. நான் அந்த வண்டியோடு குஷன் வேலையை நிறுத்திக்கொண்டேன். கண் போய்விட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஏழுமலை இதைப் படித்தால் கோபப்படுவான், பட்டால் படட்டும். படத்தில் இல்லாததை நான் சொல்லாமல் யார் சொல்வது?

மாட்டையெல்லாம் குளிப்பாட்டிக் கொம்புக்குப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தார்கள். ஊரே சேகர் வீட்டு வாசலில் கூடிவிட்டது. வண்டி தெருமுனையில் திரும்பி வந்தபோது கைதட்டினார்கள். வேப்பமரத்தடியில், பழையபடியே அதே இடத்தில், சேகர் கொண்டுவந்து நிறுத்தினார். இறங்கி உள்ளே ஓடிப் பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். புது வேட்டி, புதுச் சட்டை. சுட்ட கையில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது.

"நைனா, பாரு. ஒன் வண்டி."

பெரியவர் பார்த்தார். மரியாதையாகப் பார்த்தார், கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் காரைப் பார்ப்பது போல. "நல்லா கீதுங்க" என்றார்.

"தொறந்து பாரு நைனா."

கட்டுப் போடாத கையால் கைப்பிடியைப் பிடித்தார். அந்தக் கை கதவை ஒரு பிடி மேலே தூக்கியது. சத்தியமாகத் தூக்கியது, நான் பார்த்தேன். கைக்கு எல்லாம் நினைவிருந்தது. ஆனால் தூக்க அங்கே ஒன்றுமில்லை. கதவு சத்தமில்லாமல், தானாக, அகலமாகத் திறந்துகொண்டது. பெரியவர் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிட்டார். உள்ளே எட்டிப் பார்த்தார், என் ரெக்சின் சீட்டைப் பார்த்தார். அடுத்தவர் சாமானைத் தொட்டுவிட்டவர் போலக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ரெண்டு அடி பின்னால் வந்தார்.

ஏழுமலை தலையைக் குனிந்துகொண்டான். நாதஸ்வரம் நின்றுவிட்டது. சேகர் மட்டும் இன்னும் சிரித்த முகமாகவே நின்றார். அந்தச் சிரிப்பை எப்படி இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

பெரியவர் தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சேகர் பக்கம் திரும்பி, கட்டுப் போட்ட கையோடு சேர்த்துக் கும்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இது எங்க வண்டி நிக்கிற எடம். எம் புள்ள மண்டிக்கு எடுத்துனு போயிருக்கறான், இப்ப வந்துடுவான். உங்க வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கிறீங்களா?"

சேகரும் கும்பிட்டார். "சரிங்கய்யா" என்றார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முன்பெல்லாம் இருமி இருமித்தான் கிளம்புமாம் அந்த இன்ஜின். ஒரே திருப்பில் எடுத்துக்கொண்டது. அவ்வளவு நன்றாக வேலை செய்திருந்தோம்.